இரண்டாம் விற்பனையாளரின் ஆயுள்: ஏஎம்டியும் முதலீட்டாளர் ஊகங்களும்

2016 ஏப்ரல் 22, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் 2.62 டாலரில் முடிந்திருந்த ஏஎம்டி நிறுவனத்தின் பங்கு, அன்று நாஸ்டாக் சந்தை மூடும்போது 3.99 டாலரில் நின்றது. ஒரே நாளில் 52 விழுக்காடு ஏற்றம். முந்தைய மாலை வெளியான காலாண்டு அறிக்கையில், தியான்ஜின் நகரைச் சேர்ந்த ஒரு சீன நிறுவனத்துடன் சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கி, செயலித் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வழங்கி 29.3 கோடி டாலர் பெறப்போவதாக ஏஎம்டி அறிவித்திருந்தது. ஏற்றத்துக்கு அதுவே காரணம்.

ஓராண்டு கழித்து 2017 மே 2 அன்று அதே பங்கு 13.62 டாலரிலிருந்து 10.32 டாலருக்கு விழுந்தது. 24 விழுக்காடு வீழ்ச்சி. 'ஸென்' என்ற புதிய வடிவமைப்பில் அமைந்த ரைசன் செயலிகள் கடைக்கு வந்து அப்போது சரியாக இரண்டு மாதம் ஆகியிருந்தது. விற்பனை நன்றாகவே இருந்தது. அடுத்த காலாண்டின் மொத்த இலாப விகிதம் குறித்த கணிப்புதான் சந்தைக்கு உவப்பாக இல்லை.

இந்த இரண்டு நாள்களையும் இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒரு விசித்திரம் தெரிகிறது. முதல் நாளில் கொண்டாடப்பட்ட சீன ஒப்பந்தம், 2019 ஜூனில் அமெரிக்க வணிகத் துறை அந்தக் கூட்டு நிறுவனத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்ததோடு முன்னேற வழியின்றி நின்றுபோனது. இரண்டாம் நாளில் ஐயத்துக்குள்ளான வடிவமைப்பே நிறுவனத்தைக் கரைசேர்த்தது. நலிந்த சில்லு நிறுவனம் ஒன்று எவ்வழியே மீண்டும் இலாபத்துக்குத் திரும்பும் என்று முதலீட்டாளர்கள் ஊகிப்பதற்கும், அது உண்மையில் திரும்பும் வழிக்கும் இடையிலுள்ள தொலைவை ஆராய விரும்புவோருக்கு ஏஎம்டியின் 2006 முதல் 2019 வரையிலான வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அந்தத் தொலைவைச் சந்தையின் அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடவும் முடியாது. முதலீட்டாளர்கள் எண்ணத்தக்கவற்றையெல்லாம் கவனமாகவே எண்ணினார்கள். அவர்களது கணக்கேட்டில் இடமில்லாத ஒரு தேவை அந்த நிறுவனத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தேவையின் தோற்றம் 1980களின் தொடக்கத்தில் இருக்கிறது. இன்டெல் 1968இலும் ஏஎம்டி 1969இலும் தொடங்கப்பட்டவை. இரண்டையும் தொடங்கியவர்கள் ஃபேர்சைல்டு நிறுவனத்திலிருந்து வெளியேறியவர்கள். 1981இல் ஐபிஎம் தனது தனிக்கணினியை இன்டெலின் 8088 சில்லைக் கொண்டு உருவாக்கியபோது, அக்காலத்துப் பெரிய கொள்முதலாளர்களின் வழக்கப்படி, ஒரே பொருளை இரண்டு நிறுவனங்கள் தயாரித்துத் தரவேண்டும் என்று எதிர்பார்த்தது. ஓர் ஆலை எரிந்தாலும், ஒரு விற்பனையாளர் விலையை ஏற்றினாலும் கணினி உற்பத்தி நின்றுவிடக் கூடாது. இதன் விளைவாக 1982இல் இன்டெலும் ஏஎம்டியும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. எக்ஸ்86 என்று பின்னாளில் அறியப்பட்ட கட்டளைத் தொகுதியில் ஏஎம்டி கால் வைத்தது இப்படித்தான். அதாவது, இன்னொருவரின் பொருளை இன்னொரு கடையிலும் வாங்க முடியவேண்டும் என்ற வாடிக்கையாளரின் முன்னெச்சரிக்கையே இந்தத் துறையில் அந்த நிறுவனத்தின் பிறப்புச் சான்றிதழ்.

அதே 1982 டிசம்பரில் ஐபிஎம் 25 கோடி டாலர் கொடுத்து இன்டெலின் 12 விழுக்காட்டுப் பங்கையும் வாங்கியது. நினைவகச் சில்லுகளில் ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் இன்டெல் திணறத் தொடங்கியிருந்த காலம் அது. தனக்குச் செயலி தருபவர் நொடித்துப்போகாமல் பார்த்துக்கொள்வது ஐபிஎம்மின் நோக்கம். நெருக்கடி தணிந்தபின், 1987க்குள் தன் பங்குகளை விற்றுவிட்டு அது விலகிக்கொண்டது. இந்தச் செய்தி இங்கே நிற்கட்டும். 2025இல் இதற்கு மீண்டும் வேலை வரும்.

386 சில்லின் உரிமையை இன்டெல் தர மறுத்ததும், 1987இல் தொடங்கிய நடுவர் விசாரணை 1994இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை சென்று ஏஎம்டிக்குச் சாதகமாக முடிந்ததும் சட்ட வரலாற்றில் தனியே எழுதப்படவேண்டியவை. அதே சந்தையில் முயன்ற சைரிக்ஸ் 1997இல் நேஷனல் செமிகண்டக்டரிடமும் 1999இல் தைவானின் வியா நிறுவனத்திடமும் கைமாறிக் கரைந்துபோனது. 2000க்குப் பிறகு எக்ஸ்86 உலகில் பொருட்படுத்தத்தக்க இரண்டாம் விற்பனையாளர் என்று சொல்ல ஏஎம்டி மட்டுமே எஞ்சியது. 2003இல் ஆப்டெரான் செயலியோடு அது கொண்டுவந்த 64 பிட் விரிவாக்கத்தை மறு ஆண்டே இன்டெலும் பின்பற்ற நேர்ந்தது. 2006இன் தொடக்கத்தில் பங்கின் விலை 40 டாலரைத் தாண்டியிருந்தது.

அதே ஆண்டு வரைகலைச் சில்லுகள் செய்யும் கனடிய நிறுவனமான ஏடிஐயை ஏஎம்டி 540 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் கணிசமான பகுதி கடன் பணம். மறு ஆண்டு 'பார்சிலோனா' என்ற நான்கு கருச் செயலி தாமதமாகவும் பிழையோடும் வந்தது. 2007இல் 338 கோடி டாலர் நிகர நட்டம். 2008இல் மீண்டும் 300 கோடிக்கு மேல். ஏடிஐக்குக் கொடுத்த விலையில் பெரும்பகுதி கணக்கேட்டில் நட்டமாக எழுதித் தள்ளப்பட்டது. 2008 நவம்பரில் பங்கு 2 டாலர் அளவுக்கு இறங்கியது. ஏடிஐ கொள்முதல் ஒரு பெருந்தவறு என்பதில் அன்றைய ஆய்வாளர்களிடையே ஏறத்தாழ ஒருமித்த கருத்து நிலவியது. கொடுத்த விலையைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

சில்லுத் தொழிலில் நட்டம் மற்றத் தொழில்களின் நட்டத்தைப் போன்றதன்று. செலவின் பெரும்பகுதி ஆலையில் முன்கூட்டியே இறங்கிவிடுகிறது. இயந்திரங்கள் முழுநேரம் ஓடினாலும் பாதி நேரம் ஓடினாலும் தேய்மானக் கணக்கு ஒன்றே. விற்பனை சற்றுக் குறைந்தாலும் இலாபம் பலமடங்கு குறைவது அதனால்தான். அதற்குள் அடுத்த தலைமுறை ஆலைக்கான செலவு வந்து நிற்கும். கடனில் மூழ்கிய ஏஎம்டியால் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த தன் ஆலைகளையும் வைத்துக்கொண்டு, புதிய ஆலையும் கட்டி, புதிய செயலியும் வடிவமைக்க இயலாது என்பது 2008இல் தெளிவாகிவிட்டது. சொந்த ஆலை இல்லாத சில்லு நிறுவனம் ஆண்மையற்றது என்ற பொருள்பட அதன் நிறுவனர் ஜெர்ரி சாண்டர்ஸ் சொன்னது அத்துறையில் பழமொழியாகவே வழங்கிவந்தது. அந்த நிறுவனமே தன் ஆலைகளைப் பிரித்துக் கொடுக்க முன்வந்தது.

வாங்க வந்தது அபுதாபி. அந்த அமீரகத்தின் முபாதலா நிறுவனம் 2007 நவம்பரிலேயே 62.2 கோடி டாலருக்கு ஏஎம்டியின் 8.1 விழுக்காட்டை வாங்கியிருந்தது. 2008 அக்டோபரில் அபுதாபி அரசின் மற்றொரு முதலீட்டு நிறுவனம் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரிக்க ஒப்புக்கொண்டது. ஏஎம்டிக்கு 70 கோடி டாலர், புதிய நிறுவனத்துக்கு 140 கோடி டாலர். அதோடு ஏஎம்டியின் சுமார் 120 கோடி டாலர் கடனையும் புதிய நிறுவனமே ஏற்றுக்கொண்டது. 2009 மார்ச்சில் அது குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற பெயரில் தொடங்கியது. எண்ணெய் வருவாய்க்கு மாற்றாக ஒரு தொழிலைத் தேடிய அரசுக்கு, சில்லு உற்பத்திக்குள் நுழைய வாசல் தேவைப்பட்டது. காலாண்டு இலாபத்தை எதிர்பார்த்து வந்த பணமாக இருந்திருந்தால் அந்தக் குளிர்காலத்தில் அது வந்திருக்காது. உலக நிதி நெருக்கடி உச்சத்திலிருந்த மாதங்கள் அவை.

அதே டிரெஸ்டன் நகரில், அதே மாதங்களில், இன்னொரு சில்லு ஆலை மூடப்பட்டது. இன்ஃபினியனிலிருந்து பிரிந்த கிமோண்டா நினைவகச் சில்லுகள் செய்துவந்தது. 2008 டிசம்பரில் சாக்சனி மாநில அரசு, போர்ச்சுகல், தாய் நிறுவனம் ஆகியவை சேர்ந்து 32.5 கோடி யூரோ உதவித் திட்டம் அறிவித்தும் பயனில்லை. 2009 ஜனவரியில் கிமோண்டா நொடிப்பு மனு தாக்கல் செய்தது. மூன்றாண்டு கழித்து, 2012 பிப்ரவரியில், ஜப்பானின் எல்பிடா சுமார் 44,800 கோடி யென் பொறுப்புகளோடு நீதிமன்றத்தை அணுகியது. 2009இல் அதற்கும் ஜப்பான் அரசின் பணம் கிடைத்திருந்தது. இறுதியில் மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது. இவ்விரண்டின் பொறியாளர்களும் ஏஎம்டியின் பொறியாளர்களுக்குத் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் நினைவகச் சில்லு ஒருவரிடம் இல்லையென்றால் மற்றவரிடம் வாங்கத்தக்க சரக்கு. சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றும் இருக்க, நான்காமவர் போனதற்காகக் கணினி தயாரிப்பாளர் எவரும் உறக்கம் இழக்கவில்லை. ஏஎம்டி போயிருந்தால் எக்ஸ்86 வாங்குவோர் அனைவருக்கும் ஒரே கடைதான் மிஞ்சியிருக்கும்.

இது இன்டெலுக்கும் தெரிந்திருந்தது. ஆலைகளைப் பிரித்தது பரஸ்பர உரிம ஒப்பந்தத்தை மீறிய செயல் என்று 2009 மார்ச்சில் இன்டெல் குற்றம் சாட்டியது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஆணையம், போட்டியைத் தடுத்ததாகச் சொல்லி இன்டெலுக்கு 106 கோடி யூரோ அபராதம் விதித்தது (அந்த அபராதத்தைப் பின்னர் 2022இல் ஐரோப்பிய நீதிமன்றம் நீக்கியது). 2005இலிருந்து ஏஎம்டி தொடுத்திருந்த வழக்கும் நிலுவையில் இருந்தது. 2009 நவம்பரில் இன்டெல் 125 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உரிம ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. போட்டியாளரை வெல்ல விரும்பும் நிறுவனம், போட்டியாளர் அறவே இல்லாமல் போவதை விரும்ப முடியாத நிலை அது.

பிழைப்புக்காக விற்றவற்றுள் ஒன்றைத் தனியே குறிப்பிடவேண்டும். கைபேசிக்கான வரைகலைப் பிரிவை ஏஎம்டி 2009 ஜனவரியில் குவால்காமுக்கு 6.5 கோடி டாலருக்கு விற்றது. அந்தப் பிரிவின் வழிவந்த வரைகலைக் கருவுக்கு 'அட்ரீனோ' என்று பெயர். ஏஎம்டியின் 'ரேடியான்' என்ற வணிகப் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டால் வரும் சொல் அது. ஸ்னாப்டிராகன் சில்லுள்ள கைபேசி வைத்திருக்கும் எவரது கையிலும் அந்த எழுத்து மாற்று இருக்கிறது. காலாண்டுக் கணக்கைச் சரிக்கட்ட 6.5 கோடிக்கு விற்ற பொருள் பின்னாளில் எவ்வளவு பெறும் என்பதை அன்றைய கணக்காளரிடம் கேட்பது நியாயமன்று; கேட்காமல் இருப்பதும் கடினம்.

2011 அக்டோபரில் 'புல்டோசர்' வடிவமைப்பு வெளிவந்து ஏமாற்றியது. அடுத்த மாதமே ஊழியர்களில் பத்து விழுக்காட்டினர் நீக்கப்பட்டனர். 2012 அக்டோபரில் மேலும் பதினைந்து விழுக்காடு. 2012இன் நட்டம் 118 கோடி டாலர். பிரித்துக் கொடுத்த ஆலையும் சும்மா விடவில்லை. குறிப்பிட்ட அளவு வேஃபர்களை வாங்கியே தீரவேண்டும், வாங்காவிட்டால் பணம் கட்டவேண்டும் என்பது குளோபல்ஃபவுண்ட்ரீஸுடனான ஒப்பந்தம். சில சில்லுகளை வேறிடத்தில் செய்துகொள்ள அனுமதி பெறுவதற்காக 2012 மார்ச்சில் 42.5 கோடி டாலரோடு அந்த ஆலை நிறுவனத்தில் எஞ்சியிருந்த தன் பங்கையும் ஏஎம்டி கொடுத்தது. டிசம்பரில், கொள்முதல் அளவைக் குறைத்துக்கொள்ள மேலும் 32 கோடி டாலர். 2013இல் ஆஸ்டின் நகரிலிருந்த வளாகத்தை 16.4 கோடி டாலருக்கு விற்று, அதே கட்டடத்தில் வாடகைக்கு அமர்ந்தது.

முதலீட்டாளர் ஊகம் ஒரு தனி இலக்கிய வகையாகச் செழித்தது இந்த ஆண்டுகளில்தான். சொத்துகளை விற்பது உள்ளிட்ட வழிகளை ஆராய ஏஎம்டி ஜேபி மோர்கன் வங்கியை அமர்த்தியிருப்பதாக 2012 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது; நிறுவனத்தை விற்கும் முயற்சி எதுவும் நடக்கவில்லை என்று ஏஎம்டி மறுத்தது. அதன்பின் குவால்காம் வாங்கும், சாம்சங் வாங்கும் என்று வதந்திகள் சுழற்சி முறையில் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வதந்திக்கும் பங்கு சில நாள் ஏறி இறங்கும். மறுபக்கம், விலை சரியும் என்று பந்தயம் கட்டி இரவல் பங்கை விற்போரின் கூட்டமும் பெரிதாக இருந்தது. கையிருப்புப் பணத்தைக் காலாண்டு நட்டத்தால் வகுத்து, இன்னும் எத்தனை காலாண்டு உயிர் இருக்கும் என்று விடை கண்டவர்கள் இவர்கள்.

அக்கட்டுரைகளின் வாக்கிய அமைப்பு கவனிக்கத்தக்கது. மீட்சி பற்றிய கூற்று ஏறத்தாழ எல்லா இடத்திலும் நிபந்தனை வாக்கியமாகவே வரும்: புதிய செயலி சரியான நேரத்தில் வெளியானால், கடன் தவணை தள்ளிப்போனால், யாரேனும் வாங்க முன்வந்தால். தமிழில் 'ஆனால்' என்ற வடிவம் நிபந்தனையாகவும் நிற்கும், மறுப்பாகவும் நிற்கும். அந்த எழுத்தை மொழிபெயர்க்க இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. வாங்குவோர் பற்றிய ஊகங்கள் எல்லாம் முட்டி நின்ற 'ஆனால்' ஒன்று இருந்தது. நிறுவனம் வேறொருவர் கைக்கு மாறினால் இன்டெலுடனான பரஸ்பர உரிமம் முடிவுக்கு வரும் என்பது ஒப்பந்த விதி. எக்ஸ்86 உரிமையற்ற ஏஎம்டியை வாங்குவதில் யாருக்கும் பெரும்பயன் இல்லை. அந்த விதி பொது ஆவணத்தில் எவரும் படிக்கத்தக்கதாகவே இருந்தது. இருந்தும் வதந்திகள் ஓயவில்லை.

ஊகங்கள் இவ்வாறு ஓடிக்கொண்டிருந்தபோது, 2012 ஆகஸ்டில், ஜிம் கெல்லர் என்ற வடிவமைப்பாளர் ஆப்பிளிலிருந்து ஏஎம்டிக்குத் திரும்பினார். முன்பு அங்கே பணியாற்றியவர். அவரது பொறுப்பில், மைக் கிளார்க்கைத் தலைமை வடிவமைப்பாளராகக் கொண்டு, புல்டோசரைக் கைவிட்டுவிட்டு முற்றிலும் புதிய செயலிக்கரு ஒன்றின் பணி தொடங்கியது. 'ஸென்' என்று பெயரிட்டவர் கிளார்க். பணி தொடங்கியதற்கும் பொருள் கடைக்கு வந்ததற்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டு. முதலீட்டாளர் கணக்கின் அடிப்படைச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 2012இன் நட்டம் 2007இன் முடிவுகளைப் பற்றிப் பேசியது. 2012இன் முடிவுகளைப் பற்றிப் பேச 2017 வரை எந்தக் கணக்கேட்டுக்கும் வாய் இல்லை. காலாண்டு அறிக்கை நேரத்தோடு வரும் ஆவணம் போலத் தோன்றினாலும், சில்லுத் தொழிலில் அது நெடுநாள் முன் புறப்பட்ட கடிதம்.

ஆய்வுச் செலவு என்ற வரியும் அப்படியே. 2012இல் 135.4 கோடி டாலராக இருந்த அது 2015இல் 94.7 கோடியாகக் குறைந்தது. எதிர்காலத்தை விற்று நிகழ்காலத்தை ஓட்டுகிறார்கள் என்று அதைப் படித்தவர் உண்டு. வாசிப்பு இயல்பானதே. அந்தக் குறைந்துவரும் தொகைக்குள் மற்றத் திட்டங்கள் வெட்டப்பட்டு ஸென் மட்டும் காக்கப்படுகிறது என்பதை அந்த ஒற்றை எண் காட்டாது. 2012இல் 33.4 கோடி டாலர் கொடுத்து வாங்கிய சீமைக்ரோ என்ற சர்வர் நிறுவனத்தின் தொழில் 2015இல் மூடப்பட்டது. 2014 அக்டோபரில் தலைமைப் பொறுப்பேற்ற லிசா சூ, எதைச் செய்வது என்பதைவிட எதை நிறுத்துவது என்பதையே முதலில் முடிவுசெய்தவர்.

அந்த ஐந்தாண்டுக்குச் சோறு போட்டது யார்? சோனியும் மைக்ரோசாஃப்டும். 2013 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரு விளையாட்டுப் பெட்டிகளிலும் ஏஎம்டியின் சில்லே இருந்தது. செயலியையும் வரைகலையையும் ஒரே சில்லில் அமைத்துத் தர அப்போது அதற்கு இயன்றது. ஏடிஐ என்ற அந்தப் 'பெருந்தவறு' இல்லையென்றால் இயன்றிருக்காது. இலாப விகிதம் குறைந்த வேலைதான். சோனி பெட்டிக்கான அந்த வேலையில் இறங்குவது தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று என்விடியா தரப்பு 2013இல் வெளிப்படையாகவே சொன்னது. ஏஎம்டிக்கு அதை மறுக்கும் வசதி இல்லை. 2015இல் அதன் வருவாய் 399 கோடி டாலராகச் சுருங்கியபோது, விளையாட்டுப் பெட்டிச் சில்லுகளை முதன்மையாகக் கொண்ட பிரிவு அதில் பாதிக்கு மேல் ஈட்டித் தந்தது. கணினிச் சந்தையின் காலாண்டு அலைக்கழிப்பைச் சாராத, பல ஆண்டுகளுக்கு உறுதியான ஆணைகள் அவை.

இந்தியாவில் சில்லு ஆலைகள் பற்றிய இன்றைய விவாதங்களில் மானியத்தின் அளவு பேசப்படும் அளவுக்கு, எட்டாண்டு தொடர்ந்து வாங்கப்போவது யார் என்பது பேசப்படுவதில்லை. ஏஎம்டியின் பெங்களூரு, ஹைதராபாத் வடிவமைப்பு மையங்கள் அந்த மோசமான ஆண்டுகளிலும் இயங்கிவந்ததற்குப் பின்னால் அத்தகைய கொள்முதல் ஆணைகளும் இருந்தன.

2015 மே 6 அன்று முதலீட்டு ஆய்வாளர்கள் முன்னிலையில் ஏஎம்டி தன் திட்டத்தை மறைவின்றிச் சொன்னது: ஸென் கரு ஒவ்வொரு கடிகாரச் சுற்றிலும் முந்தைய கருவைவிட 40 விழுக்காடு கூடுதலாக வேலை செய்யும். உண்மையான மீட்சி வழி அன்று மேடையிலேயே வைக்கப்பட்டது. இரண்டு மாதங்களில் பங்கு 2 டாலருக்குக் கீழே போனது. நம்பாதவர்களைக் குறைசொல்வது எளிது. புல்டோசர் வருவதற்கு முன்பும் இதே நிறுவனம் இதே தொனியில் பேசியிருந்தது. கடன் 200 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அவ்வாண்டின் நட்டம் 66 கோடி. கடன் தர மதிப்பீட்டாளர்கள் தரத்தை இறக்கிக்கொண்டிருந்தனர். செப்டம்பரில் கெல்லர் விலகினார். வடிவமைப்பின் முக்கியப் பகுதி முடிந்துவிட்டதால் விலகுகிறாரா, முடியாது என்று தெரிந்ததால் விலகுகிறாரா என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை. சொல்லப்பட்டது உண்மைதான் என்பதற்கு, சொன்னவரின் பழைய சொற்களைத் தவிர வேறு அளவுகோல் இல்லாத நிலையில், சந்தை அந்த அளவுகோலைப் பயன்படுத்தியது.

முதலில் சொன்ன ஏப்ரல் 22க்கு இங்கே திரும்பவேண்டியிருக்கிறது. சந்தையின் ஊகம் பொருளின் மெய்ந்நிலையைத் தொடாத வெளிக்கூச்சல் என்று இதுவரை சொன்னதிலிருந்து ஒருவர் முடிவுசெய்யக்கூடும். அது முழு உண்மையாகாது. சீன ஒப்பந்தத்தால் தொடங்கிய ஏற்றம் தொடர்ந்து, 2016 செப்டம்பரில் பங்கு 6 டாலரை எட்டியிருந்தது. அந்த விலையில் ஏஎம்டி புதிய பங்குகளை வெளியிட்டு 60 கோடி டாலரும், பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்கள் மூலம் 70 கோடி டாலரும் திரட்டத் தொடங்கியது. வட்டி மிகுந்த பழைய கடன்களில் ஒரு பகுதி அதனால் தீர்ந்தது. 2 டாலர் விலையில் இதே தொகையைத் திரட்டியிருந்தால் பழைய பங்குதாரர்களின் பங்கு மும்மடங்கு கரைந்திருக்கும். திரட்டியே இருக்க முடியாமலும் போயிருக்கலாம். தவறான காரணத்துக்காக ஏறிய விலை, ஸென் வெளிவருவதற்கு ஆறு மாதம் முன்பு, நிறுவனத்தின் முதுகுச் சுமையை இறக்கிவைத்தது. ஊகம் வழியைத் தவறாகக் கணித்தது. கணித்த செயலே வழியின் ஒரு பகுதியாகவும் ஆயிற்று.

எஞ்சியது விரைவில் நடந்தது. 2016 ஆகஸ்டில் 10 கோடி டாலரும், முபாதலாவின் துணை நிறுவனத்துக்கு 7.5 கோடி பங்குகளை 5.98 டாலருக்கு வாங்கும் உரிமையும் கொடுத்து, வேறு ஆலைகளில் சில்லு செய்துகொள்ளும் சுதந்திரத்தை ஏஎம்டி விரிவாக்கிக்கொண்டது. 2017 மார்ச் 2 அன்று ரைசன் வந்தது. 2016இல் 49.7 கோடி டாலர் நட்டம் காட்டிய நிறுவனம், 2017க்கு 4.3 கோடி டாலர் இலாபம் அறிவித்தது, 2018இல் 33.7 கோடி. 2018 ஏப்ரலில் இன்டெல் தனது 10 நானோமீட்டர் உற்பத்தி மீண்டும் தள்ளிப்போவதாக ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் முயற்சியையே கைவிட்டது. ஏஎம்டி தைவானின் டிஎஸ்எம்சிக்குச் சென்றது. 2019இல் அங்கே செய்த சர்வர் செயலிகள், உற்பத்தி நுட்பத்தில் இன்டெலை முந்திய நிலையில் வெளிவந்தன. பத்தாண்டு முன்பு அவமானமாகக் கருதப்பட்ட ஆலை இழப்பு, இப்போது எந்த ஆலையையும் தேர்ந்துகொள்ளும் உரிமையாக மாறியிருந்தது. இதில் நல்லூழின் பங்கு சிறிதன்று. இன்டெல் தன் உற்பத்தி நுட்பத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்கிநிற்கும் என்பது 2012இல் எவரது மீட்சிக் கணக்கிலும் ஒரு வரியாக இருந்திருக்க முடியாது. ஸென் அணியினரின் கணக்கிலும்கூட.

2022 பிப்ரவரியில் ஏஎம்டியின் சந்தை மதிப்பு இன்டெலைக் கடந்தது. 2024இல் ஊகக் கட்டுரைகளின் நாயகன் மாறியிருந்தார். ஆகஸ்ட் 1 அன்று இன்டெல் பதினையாயிரம் பணியிடங்களை நீக்குவதாகவும் ஈவுத்தொகையை நிறுத்துவதாகவும் அறிவித்தது. மறுநாள் பங்கு 26 விழுக்காடு விழுந்தது. மூன்றாம் காலாண்டில் மட்டும் 1,660 கோடி டாலர் நட்டம். குவால்காம் வாங்கப்போகிறது என்ற செய்தி, ஏஎம்டி பற்றிய பழைய வதந்தியில் பெயரை மட்டும் மாற்றியது போல, செப்டம்பரில் வந்தது. ஆலையைப் பிரித்துவிட்டால் பிழைக்கலாம் என்ற அறிவுரையும், ஏஎம்டியை முன்னுதாரணமாகக் காட்டியே, பல தரப்பிலிருந்து வந்தது.

இன்டெலின் சிக்கல் இப்போது வடிவமைப்பில் இரண்டாமவராக இருப்பதைப் பற்றியதன்று. மிக நுண்ணிய சில்லுகளை உற்பத்தி செய்து தருவதில் டிஎஸ்எம்சிக்கு இரண்டாமவர் வேண்டும் என்ற தேவையைப் பற்றியது. 2025 ஜூலையில், 14ஏ என்ற அடுத்த உற்பத்தி நுட்பத்துக்குப் பெரிய வெளி வாடிக்கையாளர் கிடைக்காவிட்டால் அதை நிறுத்திவிட நேரலாம் என்று இன்டெல் தன் காலாண்டு ஆவணத்தில் எழுதியது. அடுத்த மாதம் அமெரிக்க அரசு, ஏற்கெனவே ஒதுக்கியிருந்த மானியத் தொகையைப் பங்காக மாற்றி, பங்கொன்றுக்கு 20.47 டாலர் வீதம் 890 கோடி டாலருக்கு இன்டெலின் சுமார் பத்து விழுக்காட்டைப் பெற்றது. 1982இல் ஐபிஎம் எடுத்துக்கொண்ட 12 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ இணையான அளவு. அந்த உடன்படிக்கையில், மேலும் ஐந்து விழுக்காட்டைப் பங்கொன்று 20 டாலர் வீதம் அரசு வாங்கிக்கொள்ள ஒரு விதி உண்டு. இன்டெல் தன் சில்லு உற்பத்தித் தொழிலில் குறைந்தது 51 விழுக்காட்டைத் தன்னிடம் வைத்திருக்காமல் போனால் மட்டுமே அந்த விதி செயலுக்கு வரும்.